அந்த நிழல் விழுகிறது, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணிப் பெருமக்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், இருட்டிய பிறகும் கோயில் வாசலை விட்டு எழாமல் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

"நம் கோயில்களின் வியப்பு பெரிதும் இருப்பது மர்மத்திலா, மனிதரிலா?" என்பது தலைப்பு. மனிதரிலேதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா ஒரு நீண்ட பட்டியல் வைத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றார். ஹம்பியில் கல்தூண் பாடுகிறது, அறுத்துப் பார்த்தும் காரணம் தெரியவில்லை என்றார். திருநள்ளாற்றுக்கு மேலே செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்று போகிறது, பூரியில் கொடி காற்றுக்கு எதிராகப் பறக்கிறது, திருவனந்தபுரத்துப் பாதாள அறையைத் திறக்க முடியாது, எல்லோராவை மனிதக் கை குடைந்திருக்கவே முடியாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, "இதற்கெல்லாம் விளக்கம் கிடைத்துவிட்டால் கோயிலில் என்ன மிச்சம் இருக்கும்?" என்று கேட்டு அமர்ந்தார்.

அந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது, நடுவர் அவர்களே. நான் சாமி கும்பிடுகிறவன். இந்த மேடைக்கு ஏறும் முன்பும் உள்ளே போய்த் தீபாராதனை பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆகவே இங்கே கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கு இல்லை. என் ஆதங்கம் வேறு. ஒரு கோயிலைக் காட்டி 'மர்மம்' என்று சொல்கிறோமே, அந்தச் சொல் விழுகிற இடத்தில் ஒரு ஆளின் பெயர் மறைந்துபோகிறது. செதுக்கியவர், ஏறியவர், ஏற்றியவர், காத்தவர், யாரோ ஒருவர். அந்த ஆட்களுக்காகத்தான் பேசுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்தே தொடங்குகிறேன். அந்த நிழல் விழுகிறது. சாயங்காலம் நான்கு மணிக்குப் போய் நில்லுங்கள். மேற்கே சாய்ந்த வெயிலில் விமானத்தின் நிழல் கிழக்கே நீண்டு கிடக்கும். நான் அந்த நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கிறேன். மார்கழியில் போனால் நண்பகலிலேயே வடக்குப் பக்கத்துத் தரையில் நிழலைப் பார்க்கலாம். சித்திரை, ஆவணி போன்ற மாதங்களில் உச்சி வேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. மேலே போகப் போகக் குறுகும் விமானம், கீழே அகன்ற அடித்தளம். அப்போது நிழல் தன் காலடிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இப்படிக் கூம்பிய எந்தக் கட்டடத்துக்கும் இது நடக்கும்.

சரி, நிழல் விழுகிறது என்றால் கோயிலின் பெருமை குறைந்துவிட்டதா? பழைய முறையில் ஒரு கோயிலுக்கு மனை கோலும்போது ஸ்தபதி முதலில் என்ன செய்வார் தெரியுமா? சமதளமான நிலத்தில் ஒரு குச்சியை நடுவார். அதற்குச் சங்கு என்று பெயர். சங்கைச் சுற்றி ஒரு வட்டம் வரைவார். காலையில் சங்கின் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் மறுபக்கம் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் கயிற்றால் சேர்த்தால் கிழக்கு மேற்கு கிடைத்துவிடும். அந்தக் கோட்டை வைத்துத்தான் கருவறை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவாகும். சிற்ப நூல்கள் இதை விளக்கமாகச் சொல்கின்றன. ஐயா, நிழலை உட்கார்ந்து பார்த்துத்தான் நம் முன்னோர் கோயிலுக்குத் திசை குறித்தார்கள். அப்படிப் பிறந்த கோயிலுக்கு நிழலே இல்லை என்று சொன்னால், வெயிலில் குச்சி நட்டு நாள் முழுக்கக் காத்திருந்த அந்த மனிதரை நாம் எங்கே வைப்பது?

கும்பகோணம் நாகேசுவரன் கோயிலில் சித்திரை 11, 12, 13 தேதிகளில் காலை வெயில் உள்ளே புகுந்து லிங்கத்தின் மேல் படுகிறது. அதையும் அதிசயம் என்கிறார்கள். அதிசயம்தான். சூரியன் என்றைக்கு எங்கே எழும் என்று ஆண்டுக்கணக்காகப் பார்த்து, அதற்கு ஏற்றபடி வாசலை வைத்தவருடைய அதிசயம்.

மறுபடி தஞ்சைக்கு வருகிறேன், அங்கே இன்னும் பேச வேண்டியது இருக்கிறது. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல் என்று பள்ளிப் பிள்ளைகள் வரை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆராய்ந்தவர்கள் அது பல கற்களை இணைத்து அமைத்த சிகரம் என்று எழுதியிருக்கிறார்கள். 216 அடி உயரத்தில், இணைப்புத் தெரியாத அளவுக்குக் கற்களைப் பொருத்துவது ஒற்றைக் கல்லை ஏற்றுவதை விடச் சுலபமா? அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் பெயர் நமக்குத் தெரியும். வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு நிழல் கதை தெரியும்? எத்தனை பேருக்குக் குஞ்சரமல்லன் பெயர் தெரியும்?

இராஜராஜன் அந்தக் கோயிலில் வெட்டச் சொன்னது என்ன? "நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்றான். நாம், அக்கன், பெண்டுகள் என்று வந்த அந்தச் சொல்லடுக்கில் 'மற்றும் குடுத்தார்' என்று ஒரு இடம் விட்டான் பாருங்கள், என் கண் அங்கேதான் நிற்கிறது. பேரரசன் கொடுத்ததற்கும் ஊர்க்காரன் கொடுத்ததற்கும் ஒரே சுவர்.

அதே சுவரில் 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. ஆடவும் பாடவும் சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். இன்னார், இந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில், தெருவின் எந்தப் பக்க வரிசையில், எத்தனையாவது வீடு என்று குறித்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்களைத் தொடர்ந்து நட்டுவர், கணக்கர், நீர் தெளிப்பவர், குயவர், வண்ணார், நாவிதர், தையல்காரர், கன்னார், தச்சர், தட்டார் என்று வரிசை போகிறது. விமானத்துக்குப் பொற்குடம் ஏறியது 1010-ஆம் ஆண்டில். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால், தண்ணீர் தெளிக்கிற ஆளையும் கணக்கில் வைத்த கோயில் அது. கட்டியவன் தன் ஆட்களின் பெயரைக் கல்லில் எழுதி வைத்தான். நாம் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, வராத நிழலைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து ஹம்பி. விட்டலர் கோயில் மகாமண்டபத்துத் தூண்கள். ஒரே கருங்கல்லில் நடுவே பெரிய தூண், அதைச் சுற்றி மெல்லிய சிறுதூண்கள். தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுருதியில் ஒலிக்கும். எதிரணி ஐயா இதை விளங்காத மர்மம் என்றார். நம் கல்பாக்கத்தில் இருக்கும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் அங்கே போய் ஆராய்ந்தார்கள். கல்லுக்குச் சிறு கீறலும் இல்லாமல், மீயொலி போன்ற சோதனைகளால் பார்த்து, 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தூண்கள் உள்ளே பொள்ளல் இல்லை, கெட்டிக் கல். தட்டும்போது அந்த மெல்லிய தூண் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து வளைந்து அதிர்கிறது, அந்த வளைவு அதிர்விலிருந்துதான் ஒலி வருகிறது என்று கண்டார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இப்படி அதிர்கிற தூணில் நீளம் கூடினால் சுருதி இறங்கும், தடிமன் கூடினால் ஏறும். அந்தச் சிற்பிக்குத் தம்பூராவில் பிரடை இருப்பதுபோல ஒன்றும் கையில் இல்லை. கொஞ்சம் கூடுதலாகச் செதுக்கிவிட்டால் திரும்பச் சேர்க்க முடியாது. ஒரு தூண் பாழானால் அந்த முழுக் கல்லும் பாழ். ஆக, ஒவ்வொரு உளி அடிக்கும் இடையில் அவர் தட்டிப் பார்த்திருக்க வேண்டும், காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும், இன்னும் ஒரு நூல் எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கியிருக்க வேண்டும். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலிலும் சுசீந்திரத்திலும் இதே வகைத் தூண்கள் இருக்கின்றன. 'உள்ளே ஏதோ இருக்கிறது' என்றே பேசிப் பேசி, காசாலும் சாவியாலும் தட்டித் தட்டித் தூண்களுக்குச் சேதம் வந்தது. ஹம்பியில் இப்போது தட்டத் தடை. உள்ளே ஒன்றும் இல்லை ஐயா. வெளியே ஒரு மனிதரின் காது இருந்தது.

திருநள்ளாற்றுச் செயற்கைக்கோளைப் பற்றி அதிக நேரம் எடுக்க மாட்டேன். பூமிக்கு அருகே சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் விழாமல் இருக்கிறது. மூன்று விநாடி நின்றால் அது சுற்றுப்பாதையிலேயே இருக்க முடியாது. அந்தச் செய்தி உண்மையில்லை. திருநள்ளாற்றில் நளன் கதை இருக்கிறது, தர்ப்பாரண்யேசுவரர் இருக்கிறார், சம்பந்தர் பாடிய பதிகம் இருக்கிறது. அந்த ஊருக்குச் செயற்கைக்கோளின் சாட்சி தேவையில்லை.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். இங்கே மாலை போட்டவர்கள் பலர் இருக்கிறீர்கள். நானும் போட்டவன். சபரிமலையில் மகர சங்கராந்தி அன்று மாலை எதிரே பொன்னம்பலமேட்டில் தெரியும் ஒளி. சரணம் விளித்துக்கொண்டு நானும் கண்ணீரோடு பார்த்திருக்கிறேன். வானில் தெரியும் நட்சத்திரம் மகரஜோதி, மலையில் தெரிவது மகரவிளக்கு. இரண்டும் வேறு. அந்த விளக்கு மனிதர் ஏற்றுவது என்று சபரிமலைத் தந்திரி குடும்பத்து மூத்தவரே 2008-இல் சொன்னார். 2011 ஜனவரி 14 அன்று, அந்த ஒளியைப் பார்க்கக் கூடியிருந்த கூட்டம் திரும்பும்போது புல்மேட்டில் நெரிசல். நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நம் தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் உண்டு. அதன் பிறகு கேரள உயர் நீதிமன்றம் கேட்டபோது, அது மனிதர் ஏற்றும் விளக்கு என்று தேவஸ்வம் போர்டு ஒப்புக்கொண்டது.

நடுவர் அவர்களே, 'தானாகத் தோன்றும் ஒளி' என்று ஊர் ஊராகப் பரவிய அத்தனை காலமும் யார் காணாமல் போனார்கள்? விளக்கு ஏற்றியவர்கள். அந்த மலையில் தீபம் காட்டும் உரிமை எங்கள் முன்னோரிடம் இருந்தது என்று அந்த மலைப் பழங்குடியினரான மலையரையர்கள் சொல்லி வருகிறார்கள். காட்டு நடுவே, பனியில், ஐயப்பனுக்கு எதிர்மலையில் நின்று தீபம் காட்டிய ஒரு பழங்குடிக் கிழவரை மனதில் கொண்டு வாருங்கள். நம் கண்ணீருக்குக் காரணமான அந்தக் கை அவருடையதாக இருந்திருந்தால், அது எந்த வகையில் குறைந்த பக்தி? நான் அடுத்த முறை மலைக்குப் போனபோதும் கைகூப்பினேன். சரணம் அதே சத்தத்தில்தான் வந்தது. கூடவே ஏற்றியவருக்கும் ஒரு கும்பிடு சேர்த்துப் போட்டேன்.

கட்டடத்தையும் விளக்கையும் விடுங்கள், விளக்கவே முடியாத சடங்குகள் இருக்கின்றனவே என்று எதிரணித் தங்கை கேட்டார். பூரி ஜெகந்நாதரைச் சொன்னார். உள்ளதிலேயே வலுவான சான்று அதுதான், ஆகவே அதற்குள் போகிறேன்.

பூரியில் மூலவர் மரத்தால் ஆனவர். அவர்களுடைய பஞ்சாங்கத்தில் ஆஷாட மாதம் இரட்டையாக வரும் ஆண்டில், பழைய திருமேனிகளை மாற்றிப் புதிய திருமேனிகள் செய்கிறார்கள். நவகளேபரம் என்று பெயர். 1996-இல் நடந்தது, பிறகு 2015-இல். தைத்தாபதிகள் என்னும் சேவகர்கள் கூட்டமாக நடந்து காகட்பூர் மங்களா தேவி கோயிலுக்குப் போய்த் தங்கி, அம்மனின் உத்தரவுக்குக் காத்திருந்து, பிறகு வேப்பமரம் தேடுகிறார்கள். மரத்தில் சங்கு சக்கரம் போன்ற குறிகள் வேண்டும், பக்கத்தில் நீர்நிலை வேண்டும், சுடுகாடு வேண்டும், புற்று வேண்டும் என்று நிபந்தனைகள். கிடைத்த மரத்தைக் கொண்டுவந்து மறைவாகச் செதுக்குகிறார்கள். அப்புறம் ஒரு நள்ளிரவு. ஊர் விளக்குகள் அணைக்கப்படுகின்றன. பழைய திருமேனிக்குள் இருக்கும் 'பிரம்ம பதார்த்தம்' புதிய திருமேனிக்கு மாற்றப்படுகிறது. மாற்றுபவர் கண்ணைக் கட்டிக்கொள்கிறார், கையைத் துணியால் சுற்றிக்கொள்கிறார். தொடுவது என்னவென்று தொடுபவருக்கே தெரியக் கூடாது.

"உள்ளே இருப்பது என்ன? இதுவரை யாருக்கும் தெரியாது, இதைவிட மர்மம் உண்டா?" என்று கேட்டார் தங்கை. நான் வேறு ஒன்றைக் கேட்கிறேன் அம்மா. அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு விநாடி. இருட்டில் நிற்கிறார். தடுக்க யாரும் இல்லை. தலைமுறை தலைமுறையாக இத்தனை பேர் அந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள். பார்க்காமல் இருப்பதே கடமை என்று ஏற்றுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். திருமேனிக்குள் இருக்கும் பொருளை விட அந்தக் கண்கட்டு எனக்குப் பெரிய வியப்பு. ஆசையை அடக்கிய மனிதர்களின் சங்கிலி அது.

மாற்றம் முடிந்ததும் பழைய திருமேனிகளைக் கோயில் வளாகத்திலேயே கோயிலி வைகுண்டம் என்னும் இடத்தில் அடக்கம் செய்கிறார்கள். அடக்கம் செய்தவர்கள் தங்கள் வீட்டில் சாவு விழுந்ததுபோலத் துக்கம் காக்கிறார்கள், மொட்டை அடித்துக்கொள்கிறார்கள். கடவுளுக்காகத் தீட்டுக் காக்கும் உறவுக்காரர்கள்! யார் இவர்கள்? ஜெகந்நாதரை முதலில் காட்டில் வைத்துக் கும்பிட்ட, சவரர் என்னும் பழங்குடியின் தலைவன் விசுவாவசுவின் வழியில் வந்தவர்கள் என்பது மரபு. ஆண்டுதோறும் ஸ்நான பூர்ணிமைக்குப் பிறகு சாமிக்குக் காய்ச்சல் வருகிறது. பதினைந்து நாள் தரிசனம் கிடையாது. மூலிகை மருந்தும் பழமும் கொடுத்துப் பார்த்துக்கொள்வதும் இவர்களே. சாமிக்குக் காய்ச்சல் வரும் என்று நினைக்க எவ்வளவு பாசம் வேண்டும்! வீட்டில் ஒரு தாத்தாவை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பாசம் அது. இதை 'விசித்திரச் சடங்கு' என்று சொல்லிவிட்டுக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதைப் பற்றிக் கேட்டீர்கள். 214 அடி உயரம் ஐயா அந்த விமானம். தினமும், மழையோ வெயிலோ, சுனரா சேவகர் குடும்பத்தைச் சேர்ந்தவர் வெறுங்காலும் வெறுங்கையுமாக அதில் ஏறிப் புதுக்கொடி கட்டிவிட்டு இறங்குகிறார். கீழே நிற்பவர்கள் போன் எடுத்துக் கொடியைப் படம் பிடிக்கிறார்கள். நான் போயிருந்த அன்று, அவர் இறங்கி வந்ததும் அவருடைய உள்ளங்காலைத்தான் பார்த்தேன். கல்லைப் போலவே காய்த்திருந்தது.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் பாதாள அறை, 'பி' அறை என்பார்கள். நாகபந்தம், மந்திரம், திறந்தால் கடல் பொங்கும் என்றெல்லாம் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத்துக்காகக் கணக்குத் தணிக்கை செய்த வினோத் ராயின் அறிக்கை, 1990 முதல் மட்டும் அந்த அறை குறைந்தது ஏழு முறை திறக்கப்பட்டதாகச் சொல்கிறது. இதில் எனக்குப் பிடித்த அதிசயம் வேறு: 2011-இல் மற்ற அறைகளைத் திறந்தபோது வெளிவந்த செல்வம். பஞ்சமும் போரும் வந்து போன நாட்டில், எடுத்துச் செலவழிக்க அதிகாரம் இருந்தவர்களும் எடுக்காமல், 'இது பத்மநாபனுடையது' என்று வைத்துவிட்டுப் போனார்களே! மதிலகம் ஓலைகள் என்னும் கோயில் பதிவேடுகளில் நடப்புகளை எழுதிக்கொண்டே இருந்த கணக்கர்கள் எத்தனை தலைமுறை!

நம் பக்கத்துக்கு வருகிறேன். திருவானைக்காவில் உச்சிக்காலப் பூசையைப் பார்த்திருப்பீர்கள். அர்ச்சகர் சேலை உடுத்தி, கிரீடம் வைத்து, அகிலாண்டேசுவரியாகவே நடந்து வந்து ஜம்புகேசுவரரைப் பூசிக்கிறார், பசுவைப் பூசிக்கிறார். நடுத்தர வயது தாண்டிய ஒரு ஆண் நடுப்பகலில் சேலை உடுத்தி வருகிறார். கூட்டத்தில் ஒருவர் கூடச் சிரிப்பதில்லை. குழந்தை கூடச் சிரிக்காது. 'அம்பாள் வருகிறாள்' என்று ஒதுங்கி வழி விடுகிறார்கள். வெளியே தெருவில் இதே கூட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்று எண்ணிப் பாருங்கள். அரை மணி நேரமாவது நம் எல்லோரையும் பெருந்தன்மையானவர்களாக ஆக்கிவைக்கிற வழக்கம் அது.

அதே காவிரித் தீவில், பக்கத்திலேயே ஸ்ரீரங்கம். அரங்கன் மேல் காதல் கொண்டு வந்த டில்லி சுல்தான் மகள் என்று துலுக்க நாச்சியாருக்குக் கோயிலுக்குள் ஒரு இடம். அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டி அமுது. அந்தக் கதை வரலாற்றில் எவ்வளவு என்பதை ஆய்வாளர்கள் பேசட்டும். படையெடுப்பில் கொள்ளை போன ஒரு கோயில், பகைவர் வீட்டுப் பெண்ணுக்குத் தன் சன்னிதிகளுக்கு நடுவே இடம் கொடுத்திருக்கிறது. அதை யோசித்தவர்களின் மனசு எனக்குப் போதும்.

கூவாகம். சித்திரை மாதம், கூத்தாண்டவர் கோயில். களப்பலியாகப் போகும் முன் ஒரு நாளாவது மணவாழ்வு வேண்டும் என்று கேட்ட அரவானுக்காக, நாடெங்கிலும் இருந்து திருநங்கைகள் வந்து தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை கட்டி ஒப்பாரி வைக்கிறார்கள். சுற்று வட்டார ஊர்களில் ஆண்களும் வேண்டுதலுக்காக அங்கே தாலி கட்டிக்கொள்வது உண்டு. நான் ஒரு முறை போயிருந்தேன். அழுகளத்தில் கேட்ட அழுகை அரவானுக்காக மட்டும் வந்த அழுகை இல்லை என்று எனக்குப் பட்டது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர், பெற்ற தாயின் சாவுக்குப் போக முடியாதவர், அத்தனை பேருக்கும் வாய்விட்டு அழ ஒரு இடத்தை ஒரு கிராமத்துக் கோயில் வைத்திருக்கிறது. தொலைக்காட்சியில் இதை 'வினோதத் திருவிழா' என்று காட்டுகிறார்கள். வினோதம் என்ற சொல் எனக்குச் சுட்டது.

நேரம் போய்க்கொண்டிருக்கிறது, நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் இரண்டு செய்திகள்.

காஞ்சிபுரம் அத்திவரதர். அத்திமரத் திருமேனி. அனந்தசரஸ் குளத்தில், நீராழி மண்டபத்துக்கு அடியில் தண்ணீருக்குள் கிடப்பவர். 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வந்து, 48 நாள் இருந்துவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போகிறார். 1979-இல் என் அம்மா போனபோது அவருக்கு வயது 22. நான் வயிற்றில். 2019-இல் நான் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன். ஜூலை மாதம், சயனக் கோலம். கூட்டத்தில் மூச்சு முட்டியது. ஏழு மணி நேரம் நின்று, சில விநாடிதான் பார்க்க முடிந்தது. வெளியே வந்து உட்கார்ந்ததும், "மரம் எப்படி 40 வருஷம் தண்ணியில கெடாம இருக்கும்னு எல்லாரும் கேக்கிறாங்களேம்மா" என்றேன். அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. "அடுத்த தடவை 2059. நான் இருக்க மாட்டேன். நீ உன் பேத்தியக் கூட்டிட்டு வரணும், மறந்துடாதே" என்றார்.

அதுதான் ஐயா என் வாதம் முழுக்க. 40 ஆண்டு என்பது ஒரு கொடூரமான கணக்கு. ஒரு முறை செய்தவர் அடுத்த முறைக்குள் கிழவர் ஆகிவிடுவார், பலர் போய்விடுவார்கள். எப்படி எடுக்க வேண்டும், எப்படி வைக்க வேண்டும், என்ன பூச வேண்டும் என்று பார்த்தவர் பார்க்காதவருக்குச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். நடுவில் ஒரு தலைமுறை அலட்சியமாக இருந்துவிட்டால் அறுந்தது. மரம் கெடாமல் இருந்ததற்கு மரத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் காரணம் சொல்வார்கள். சொல் கெடாமல் வந்து சேர்ந்ததே, அதற்கு என் அம்மாவைப் போன்றவர்கள்தான் காரணம்.

கடைசியாக, எதிரணி ஐயா வேற்றுக்கிரகவாசிகள் வரை இழுத்த எல்லோரா. எட்டாம் நூற்றாண்டு, இராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலம். மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து இறங்கிய கைலாசநாதர் கோயில். இன்றைக்கும் அந்தச் சுவர்களில் உளி பட்ட தடங்களைக் கையால் தடவிப் பார்க்கலாம். வடோதராவில் கிடைத்த, கர்க்கராஜன் என்னும் இராஷ்டிரகூடக் கிளை மன்னனின் செப்பேடு ஒன்று உண்டு. 812-ஆம் ஆண்டை ஒட்டியது. அதில் இந்தக் கோயிலைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. வான் வழியே போன தேவர்கள் இதைப் பார்த்து, இது செயற்கையாகச் செய்ததாக இருக்க முடியாது, தானாகத் தோன்றிய சிவன் இருப்பிடம் என்று வியந்தார்களாம். கட்டி முடித்த சிற்பியோ, தானே பார்த்து மலைத்துப்போய், 'இன்னொரு முறை செய்யச் சொன்னால் என்னால் முடியாது, நான் எப்படித்தான் செய்தேன்!' என்றாராம்.

பாருங்கள் நடுவர் அவர்களே, இந்தப் பட்டிமன்றம் ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பே நடந்திருக்கிறது. தானாக வந்தது என்று தேவர்கள் எதிரணியில் அமர்ந்தார்கள். எங்கள் அணியில், கையெல்லாம் கல்தூசியோடு, அந்த ஒற்றைச் சிற்பி நின்றார். செப்பேடு எழுதிய புலவர் அவர் பேச்சையும் விடாமல் எழுதி வைத்தார்.

மேடைக்கு வலது பக்கம் பந்தக்கால் ஓரமாகச் சீர்பாதம் தாங்கிகள் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். நாகஸ்வரக்காரர் சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டிருக்கிறார். புறப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. வாகனத்தைத் தூக்கும்போது ஒரு நிமிடம் அந்தத் தோள்களையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.